குண்டானுக்கு வாங்கிய நாலு சீப்பு

எனக்கென்று வீட்டில் இருப்பது ஒரே ஒரு சீப்பு, அதிலும் இரண்டு பல் இல்லை. எங்கள் பூனை குண்டானுக்கு நாலு இருக்கிறது. அதில் விலை கூடியது, 1,900 ரூபாய் கொடுத்து வாங்கியது, ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடக்கிறது. மலிவானது 20 ரூபாய், அது என் அம்மாவின் பேன் சீப்பு. தினமும் கையில் எடுப்பது பெங்களூர் சிவாஜிநகரில் 150 ரூபாய்க்கு வாங்கிய ஒரு ரப்பர் துண்டு. இந்த முடிவுக்கு வந்துசேர எனக்கு இரண்டரை வருஷம் ஆயிற்று, நடுவில் பூனையின் இடுப்பில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடியும் போயிற்று, அதனால் இவனைப் போல பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் ஜாதிப் பூனை வாங்கப்போகிறவர்களும், வாங்கிவிட்டுக் கறுப்பு பேன்ட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்களும் முதலில் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆன்லைனில் சீப்பு தேடுங்கள்.

ஷார்ட்ஹேர் என்ற பெயரை நம்பி ஏமாந்தேன், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு முதல் ஆசை நீளமுடிப் பெர்ஷியன் பூனைதான். பக்கத்துத் தெருவில் ஒரு பெர்ஷியனுக்கு வயிற்றடி முடி சடைசடையாகத் திரண்டு, கடைசியில் மயக்க மருந்து கொடுத்து மழிக்க வேண்டியதாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஆசை அடங்கிவிட்டது. சரி, குட்டை முடிப் பூனையாகப் பார்ப்போம் என்று ஊருக்கு வெளியே பூனை வளர்த்து விற்கிற ஒருவரிடம் போனோம். "ஷார்ட் ஹேர் மேடம், வாரவே வேணாம், அதுவே நக்கிக்கும்" என்றார். பெடிக்ரி சான்றிதழ், அதாவது வம்சாவளிச் சான்றிதழ், கூரியரில் வரும் என்றும் சொன்னார். சான்றிதழ் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

குட்டியை அல்சூர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா வேலூரிலிருந்து வீடியோ காலில் பார்த்தாள். "ப்ளூன்னு சொன்னியே, இது அடுப்புச் சாம்பல் கலர்தானே?" பூனைக்காரர்கள் பாஷையில் இந்தச் சாம்பலுக்குப் பெயர்தான் ப்ளூ. கண்ணும் அப்போது மங்கலான நீலமாக இருந்தது, மாதங்கள் போகப் போக மஞ்சளாகி, இப்போது புளி போட்டுத் தேய்த்த செப்புச் சொம்பு மாதிரி இருக்கிறது. முகம் வட்டம், கன்னம் வட்டம், பாதம் வட்டம், உட்கார்ந்தால் மொத்தமும் வட்டம். சோறு வடிக்கிற குண்டான் மாதிரி இருக்கிறான் என்று வீட்டுக்காரர் விளையாட்டாகச் சொன்னது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. வீட்டு ஓனர் கன்னடக்காரர், அவருக்கு அவன் வெறும் பெக்கு, கன்னடத்தில் பூனை. வாடகை விஷயமாக மாடிக்கு வந்தால் எங்களை விசாரிப்பதற்கு முன்னால் "பெக்கு சென்னாகிதியா?" என்றுதான் கேட்பார்.

முடியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீப்பு விஷயத்தில் நான் செய்த தப்பெல்லாம் இங்கேதான் ஆரம்பம். குட்டை என்பது நீளத்தைச் சொல்கிற வார்த்தை, எண்ணிக்கையைச் சொல்வதில்லை. நம் தெருப்பூனைக்கு முடி உடம்போடு படிந்து கிடக்கும், விரல் வைத்தால் உடனே தோல் தட்டுப்படும். இவன் முதுகில் விரல் வைத்தால் புதைகிறது. முடி படியாமல் நிமிர்ந்து நிற்கிறது. அவன் கழுத்தைத் திருப்பும்போது மார்புப் பக்கம் கோடுகோடாகப் பிளந்து உள்ளே வெளிர் நிறம் தெரியும், நேராகத் திரும்பினால் மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன் 1980-இல் இந்த இனத்தைத் தன் போட்டிகளில் சேர்த்துக்கொண்டது. அவர்கள் எழுதி வைத்திருக்கிற லட்சணத்தின்படி முடி குட்டையாக, ரொம்ப அடர்த்தியாக, தொட்டால் உறுதியாக இருக்க வேண்டும், இரட்டை அடுக்காகவோ கம்பளி மாதிரியோ இருக்கக் கூடாது. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், முதல் சீப்பு வரும்போது தேவைப்படும்.

இத்தனை லட்சணம் பேசினாலும் ஆதியில் இது இங்கிலாந்தின் தெருப்பூனைதான், எலி பிடித்துக்கொண்டிருந்த ஜாதி. 1871 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்பவர் பூனைக் கண்காட்சி நடத்தினார், அதற்கப்புறம்தான் மவுசு வந்தது. பிறகு உலகப் போர்க் காலத்தில் எண்ணிக்கை சரிந்துபோக, இனத்தைக் காப்பாற்றப் பெர்ஷியனோடு கலந்தார்கள். பெர்ஷியனுக்குப் பயந்து இவனை வாங்கினேன் என்றேன் அல்லவா, அந்தப் பெர்ஷியன் இவன் பாட்டனுக்குப் பாட்டனாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பெர்ஷியன் வழியாக வருகிற சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கு மரபணுச் சோதனை இருக்கிறது, தாய்க்கும் தகப்பனுக்கும் அதைச் செய்தார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. இடுப்பு முடி போனதைவிட எனக்கு அதுதான் இன்னும் உறுத்தல்.

அப்புறம் உதிர்வது. பூனை முடி உதிர்வதற்குப் பகல் வெளிச்சத்தின் நீளத்தோடு சம்பந்தம் உண்டு. லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது, ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் போகும், அங்கே பூனைக்கு இது உதிர்கிற சீசன், இது வளர்கிற சீசன் என்று தெளிவாகத் தெரியும். பெங்களூரில் வருஷம் முழுக்கப் பார்த்தால் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், போதாததற்கு ராத்திரி பதினொன்று வரை ட்யூப்லைட். என் வீட்டில் நான் பார்த்தவரை இவனுக்கு சீசன் என்று ஒன்று இல்லை, பன்னிரண்டு மாதமும் கொட்டுகிறது, சங்கராந்தி முடிந்து காற்று காயத் தொடங்கும்போது இரண்டு மடங்காகக் கொட்டுகிறது. அந்தப் பிப்ரவரிக் காற்றில் சோபாவைத் தொட்டாலே சுருக்கென்று ஷாக் அடிக்கும், முடியெல்லாம் பறந்து வந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். இட்லி மாவில் முடி. ஃபில்டரின் மேல்தட்டில் முடி. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை ஆன் செய்தால் புருவத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பிப்ரவரியில்தான் முதல் சீப்பு வந்தது. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 1,900 ரூபாய் போட்டேன். இரும்பு விளிம்பில் நெருக்கமாகப் பல் வெட்டிய ரகம், முடி மழிக்கிற மிஷினின் பிளேடு மாதிரியே இருக்கும், பின்பக்கம் அழுத்தினால் சேர்ந்த முடியைத் தள்ளிவிட ஒரு பொத்தான். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, அதே வடிவத்தில் பல பேர் விற்கிறார்கள். முதல் நாள் பத்து நிமிஷம் வாரினேன். தரையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மூன்று உருண்டை. இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாளும் மூன்று! இப்படியொரு சாமானா என்று நான் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன், ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன். அந்த நட்சத்திரங்களை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மூன்றாம் நாளும் அதே அளவு முடி வருகிறது என்றால் அது உதிர்ந்த முடியாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நாலாவது வாரம் வெயிலில் படுத்திருந்தவனைப் பார்த்தபோது இடுப்பில், வால் தொடங்குவதற்கு மேலே, வெல்வெட்டைத் தப்புப் பக்கமாகத் தடவியது போல் ஒரு திட்டு. கிட்டப்போய் ஊதிப் பார்த்தால் முடியின் நுனியெல்லாம் ஒரே மட்டத்தில் அறுபட்டிருக்கிறது, அடியில் தோல் ரோஜா நிறத்தில் லேசாகக் கோடு விழுந்திருக்கிறது. டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன சீப்பு?" என்று மட்டும் கேட்டார். உள்முடியை இழுக்கிற அந்த ரகம் ஹஸ்கி மாதிரி மேலே ஒரு அடுக்கு, கீழே கம்பளி மாதிரி ஒரு அடுக்கு என்று தனித்தனியாக இருக்கிற நாய்களுக்குச் சரிப்படும், அதையும் வாரத்துக்கு ஒரு தடவை, அழுத்தாமல். இவனுக்கு அடுக்கே தனியாகப் பிரியாதபோது பிளேடு எதைத் தேடிப் பிடிக்கும்? கையில் அகப்பட்ட நல்ல முடியை அறுக்கும். அதுதான் நடந்தது. திட்டு மூட மூன்று மாதம் ஆயிற்று. உபயோகிக்கிற முறை தெரியாமல் செய்தாய் என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெட்டியின் மேல் பூனைப் படம் போட்டு, தினமும் வாரினாலும் பாதகமில்லை என்கிற தோரணையில் விற்றால் வாங்குகிறவள் வேறு என்ன நினைப்பாள்?

இரண்டாவது, கம்பி பிரஷ், 450 ரூபாய். இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சதுரப் பலகையில் வளைந்த மெல்லிய கம்பிகள், நுனியில் உருண்டைப் பொட்டு வைத்தது. சிக்கு விழுகிற நீளமுடிக்கு நல்ல சாமான் என்கிறார்கள், நம்புகிறேன். இவன் முடியில் சிக்கே விழாது. கம்பி மேலேயே சறுக்கிக்கொண்டு போகும், அழுத்தினால் அவன் திரும்பிப் பார்ப்பான், இன்னொரு தடவை அழுத்தினால் பிரஷ்ஷின் கைப்பிடியைக் கவ்வுவான். இரண்டு வாரத்தில் அதைக் கீழ்வீட்டு மாமியின் பொமரேனியனுக்குக் கொடுத்துவிட்டேன். கணக்குக்கு நாலு சீப்பில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருப்பது மூன்றுதான்.

நடுவில் வீட்டுக்கே வண்டியில் வந்து பூனையைக் குளிப்பாட்டும் ஆட்களையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தோம். 1,400 ரூபாய். வெந்நீர், ஷாம்பூ, டிரையர், முடிந்ததும் சென்ட். வெயில் காலத்துக்கு சிங்கம் மாதிரி கட்டிங் அடித்துவிடவா என்று வேறு கேட்டார்கள். வேண்டவே வேண்டாம், குட்டை முடிப் பூனையை மழிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. டிரையர் சத்தத்தில் மிரண்டவன் இரண்டு நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து வரவில்லை, உடம்பிலிருந்த சென்ட் வாசனை போகும்வரை நக்கி நக்கி, மூன்றாம் நாள் முடியுருண்டையாகக் கக்கினான். அவர்களையும் தப்பு சொல்ல முடியாது, நாய்க்குச் செய்கிற அதே வேலையைச் செய்தார்கள். பூனைக்கு அது வேலையே இல்லை.

மூன்றாவது சீப்பை நான் வாங்கவில்லை. அம்மா பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடியில் ஏறிக் கன்டோன்மென்ட்டில் வந்து இறங்கி, கை கால் கழுவிவிட்டு, காபியைக் குடித்துக்கொண்டே குண்டானை உற்றுப் பார்த்தாள். "இவனுக்கு முகவாயில என்னடி கறுப்பா?" மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி தாடையடியில் புள்ளிகள். எழுந்துபோய்ப் பையிலிருந்து எவர்சில்வர் பேன் சீப்பை எடுத்து வந்தாள். ஐம்பது வருஷம் பெண் பிள்ளைகளின் தலையில் ஈரும் பேனும் எடுத்த கை. இடது கையால் அவன் தலையை மடக்கிப் பிடித்து, சீப்பைப் படுக்கை வாட்டில் வைத்து, ஒரு தாடைக்கு மூன்று இழுப்பு. என்னிடம் இரண்டு நொடி நிற்காதவன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை இன்னும் நீட்டினான்.

அது பேன் இல்லை. முகப்பரு. பூனைக்கும் தாடையில் வரும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் சாப்பிட்டால் கீறல்களில் எண்ணெயும் கிருமியும் தங்கி அதைக் கூட்டிவிடும் என்று டாக்டரம்மா சொல்லி, கிண்ணத்தை அன்றைக்கே குப்பையில் போட்டோம். இப்போது சாப்பாடு எவர்சில்வர் தட்டில், தினமும் கழுவித் துடைத்து. ஒரு மாதத்தில் புள்ளி மறைந்தது. ஆனால் அதே வருகையில் அம்மா வால்பக்கமும் சீப்பு போட்டு இன்னொரு கறுப்புப் பொடியை எடுத்தாள். ஈரமான வெள்ளைத் துணியில் தட்டினோம். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தது, அப்படியென்றால் தெள்ளுப்பூச்சியின் எச்சம், குடித்த ரத்தம் செரித்து வெளியே வந்தது. வெறும் அழுக்காக இருந்தால் நிறம் கசியாது. இரண்டாவது மாடியை விட்டு இறங்காத பூனைக்கு எங்கிருந்து வந்தது என்றால், பால்கனிக்கு ஒரு தெருப்பூனை வருகிறது, மோர்சாதம் வைப்பது நான்தான். கழுத்தில் சொட்டுகிற மருந்தை டாக்டரிடம் கேட்டு, பூனைக்கென்று உள்ளதை மட்டும் போடுங்கள். நாய்க்கு உள்ள சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையின் உயிருக்கே ஆபத்து. பாதி சொட்டு போட்டால் போதும் என்கிற கணக்கெல்லாம் இதில் கிடையாது.

ஆக, பேன் சீப்பு முடி எடுப்பதற்கு உதவாது, இவ்வளவு அடர்த்திக்குள் அது நுழையவே நுழையாது. தாடைக்கும், காதுக்குப் பின்னாலும், வாலடியில் சோதனை போடுவதற்கும் அதைவிட நல்ல சாமான் இல்லை. பெட் ஷாப்பில் இதே சாமானுக்குப் பூனைப் படம் ஒட்டி 250 ரூபாய் வாங்குகிறார்கள்.

இப்போது ரப்பர். ரசல் மார்க்கெட்டுக்குப் பழம் வாங்கப் போனவள், அந்தப் பக்கத்துச் சந்தில் கிளித்தீனி, மீன்தொட்டி, நாய்ச்சங்கிலி எல்லாம் தொங்கவிட்டிருக்கிற ஒரு சின்னக் கடையில் சும்மாதான் நின்றேன். கடைக்காரர் என்னிடம் தமிழ், பக்கத்தில் நின்றவரிடம் உருது, போனில் கன்னடம்.

"பாய், பூனைக்கு சீப்பு இருக்கா?"

"எந்தப் பூனைம்மா? முடி நீட்டமா, குட்டையா?"

"பிரிட்டிஷ். குட்டை."

"குட்டையும் இல்ல, பொதபொதன்னு இருக்கும்லம்மா அது? அதுக்கு இரும்பே போடாத. இந்தா." மேல்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற முட்டை வடிவம், ஒரு பக்கம் கைவிரல் நுழைகிற பட்டை, மறுபக்கம் சின்னச் சின்ன ரப்பர் கூம்புகள், கொய்யா விதை மாதிரி நெருக்கமாக. ரேஸ்கோர்ஸ் குதிரைக்குத் தேய்க்கிற ரப்பரின் குட்டி இது, வேறொன்றும் இல்லை என்றார். நான் நம்பிக்கையில்லாமல்தான் வாங்கினேன், 150 ரூபாய் போனால் போகிறது என்று.

ரப்பர் எதையும் அறுப்பதில்லை. உரசலில் ஒட்டி இழுக்கிறது, அவ்வளவுதான். வேரைவிட்டு ஏற்கெனவே கழன்ற முடி மட்டும் வருகிறது, உயிரோடு இருக்கிற முடி வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்துகொள்கிறது. அதற்கு நான் கண்ட அத்தாட்சி: முதல் நாள் எலுமிச்சம்பழம் அளவு, மூன்றாம் நாள் நெல்லிக்காய் அளவு, ஒரு வாரத்தில் சுண்டைக்காய். பிளேடு சீப்பு காட்டாத குறைவு இதில் தெரிந்தது. நல்ல சீப்பு என்றால் நாளுக்கு நாள் குறைவாகத்தான் முடி வர வேண்டும், இது எனக்குத் தெரிய 1,900 ரூபாய் ஆனது.

எப்படித் தேய்ப்பது என்பதில் கொஞ்சம் பக்குவம் இருக்கிறது. ரப்பரைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு எடுங்கள், காய்ந்த காலத்தில் முடி பறக்காது, ஷாக்கும் அடிக்காது. பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைக்காதீர்கள். இந்த ஜாதிக்குத் தூக்கினால் பிடிக்காது, நாலு காலும் விறைத்துக்கொண்டு பலகை மாதிரி நிற்கும். மடிப் பூனையும் இல்லை, பக்கத்துப் பூனை, நீங்கள் இருக்கிற அறையில் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பதுதான் அதன் பாசம். அதனால் நீங்கள் தரையில் உட்காருங்கள், ரப்பரைக் காட்டுங்கள், வரட்டும். குண்டான் சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் வருவான். முதலில் கன்னம், அப்புறம் கழுத்து, அப்புறம் முதுகில் முடி போகிற போக்கிலேயே நீளமாக. இடுப்பில் மட்டும் சின்னச் சின்ன வட்டம். வயிற்றுக்குப் போகாதீர்கள். வால் நுனி துடிக்க ஆரம்பித்தால் அன்றைய கணக்கு முடிந்தது, இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று பேராசைப்பட்டால் மணிக்கட்டில் நாலு கோடு விழும், எனக்கு விழுந்திருக்கிறது. நாலு நிமிஷம் போதும்.

இடுப்பில் மட்டும் ஏன் அவ்வளவு முடி தேங்குகிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு, அது எனக்குக் கொஞ்சம் வெட்கக்கேடு. பூனைக்கு நாக்குதான் சொந்தச் சீப்பு, பின்பக்கம் வளைந்த முட்கள் அதில் வரிசையாக இருக்கும். கருத்தடை ஆபரேஷனுக்கு அப்புறம் இவன் எடை ஏறி 6.9 கிலோ ஆனான். வயிறு குறுக்கே நிற்பதால் திரும்பி இடுப்பை நக்க எட்டவில்லை. பொடுகு மாதிரி வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது. நான் சீப்பை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, காரணம் தட்டில் இருந்தது. ராயல் கனினில் இந்த இனத்துக்கென்றே ஒரு தீனி வருகிறது, அகலத் தாடைக்குத் தோதாகத் துண்டுகள் பெரிதாக இருக்கும், கடித்துத்தான் தின்கிறான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை நாங்கள் கண்ணளவில் கொட்டிய விதத்தில். நான் காலையில் வைப்பேன், வீட்டுக்காரர் எழுந்து இன்னும் வைக்கவில்லையோ என்று அவர் பங்குக்கு வைப்பார், வேலைக்கு வருகிற அக்கா "பாவம், கத்துதும்மா" என்று ஒரு பிடி. இப்போது சமையல் தராசில் காலையில் ஒரே தடவை நிறுத்து டப்பாவில் போட்டுவிடுவோம், நாள் முழுக்க அந்த டப்பாதான். எட்டு மாதத்தில் 6.1 கிலோவுக்கு வந்தான், டாக்டர் சொல்லி மெதுவாகத்தான் குறைத்தோம், குண்டுப் பூனையைத் திடீரென்று பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே உலை வைத்துவிடும். இப்போது இடுப்பை அவனே நக்கிக்கொள்கிறான். விற்றவர் சொன்னதில் அந்தப் பாதியாவது உண்மையாயிற்று.

நக்கினால் முடி வயிற்றுக்குள் போகும், ராத்திரி மூன்று மணிக்கு ஹாலிலிருந்து கக் கக் என்று சத்தம் வரும். ரப்பர் வந்தபின் அது வாரம் ஒன்று என்பதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. கூடவே கோதுமைப் புல். கடையில் டப்பா புல் 200 ரூபாய் என்று போட்டிருந்தார்கள், அம்மா சிரித்துவிட்டு ஒரு பழைய தட்டில் மண்ணும் ஊற வைத்த கோதுமையும் போட்டு மூடி வைத்தாள். எட்டாம் நாள் தட்டு நிறையப் புல். "ஊர்ல அம்மனுக்கு முளைப்பாரி போடுவோம், இங்க பூனைக்குப் போடுறேன்" என்றாள். அவன் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துக் கடைவாயில் கடித்து இழுக்கிறதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள், திரும்பத் திரும்ப ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல், ஒரு நாள் சாப்பிடாமலும் இருந்தால் புல்லை நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ரப்பரால் முடியாதது என்ன என்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் தும்மல் குறையவில்லை. பூனை அலர்ஜிக்குக் காரணம் பெரும்பாலும் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் இருந்து வருகிற ஒரு புரதம், முடி அதைச் சுமந்துகொண்டு திரிகிற வண்டிதான். வாரினால் கொஞ்சம் குறையும், போகாது. அவர் வாரும்போது பக்கத்து அறைக்குப் போய்விடுவார், அப்புறம் வந்து அவனைத்தான் முதலில் கொஞ்சுவார், திரும்பத் தும்முவார். தரையைத் துடைக்கும்போது பினாயிலையும் நிறுத்திவிட்டோம். அது பூனைக்கு விஷம், பாதத்தில் ஒட்டினால் நக்கித்தானே எடுக்கும். வேலைக்கு வருகிற அக்காவுக்கு வாசனை இல்லாமல் துடைத்தால் துடைத்த திருப்தியே இல்லையாம், இன்றுவரை முணுமுணுக்கிறார்.

ரப்பருக்கு ஐந்துக்கு நாலரை போடுகிறேன். அரை எதற்குப் போயிற்று என்றால், புதுசாக இருக்கும்போது முதல் பத்து நாள் சைக்கிள் ட்யூப் நாற்றம் அடித்தது, சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தும் போகவில்லை, குண்டான் மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். இன்னொன்று, எட்டு ஒன்பது மாதத்தில் கூம்புகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. போன மாதம் அதே சந்துக்குப் போனேன். பாய் விலையை 180 ஆக்கியிருந்தார், ஆனால் "பிரிட்டிஷ் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். இரண்டு வாங்கிக்கொண்டேன். பழையதை அக்கா சோபாவுக்கு எடுத்துக்கொண்டார், துணியில் ஒட்டின முடியை அது இன்னும் நன்றாகவே சுருட்டி எடுக்கிறது.